பிலேந்திரனின் ஆறு ஓட்டை

பத்துச் சன்னம் சுட்ட பிலேந்திரனின் இலக்குக் கடதாசியில் ஆறு ஓட்டைதான் இருந்தது.

மிச்சம் நாலும் சுவருக்குப் போயிருக்க வேண்டும். அருட்பிரகாசத்தாருக்கு நெஞ்சு குளிர்ந்தது. பன்னிரண்டு வருசமாக அவர் பார்த்திருந்த நாள் இது.

தொண்ணூற்று நாலில் அவருடைய மனைவி மரியரஞ்சனியின் செத்தவீட்டுக்குப் பழைய கூட்டாளி பிலேந்திரன் பஸ் சாரதி உடுப்போடு வந்தான். பத்து நிமிசம் நின்றான். போய்விட்டான். அந்தப் பத்து நிமிசத்தை அருட்பிரகாசத்தார் இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து அவனோடு ஒரு சொல் கதைத்ததும் இல்லை.

அப்படிப்பட்டவன் அவர் சேர்ந்த சுடும் கழகத்திலேயே வந்து சேர்ந்தான்.

நோர்வேயில், அம்மருட்டில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கீழே இருக்கிற பழைய பங்கர்தான் கழகம். செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் கூடுவார்கள். துவக்குக்குப் பயந்து ஓடிவந்த ஆள் இப்போது துவக்கோடு விளையாடுகிறாரா என்று பேர்கன் நகரத்திலிருந்து மகள் மேரின் டெலிபோனில் கேட்டாள். இது கடதாசியை மட்டும் சுடுகிற துவக்கு என்றார் அவர். கிழமையில் ஏழு நாளில் அந்த ஒரு நாள்தான் அவருடைய வாய் மனிதரோடு கதைக்கிறது என்பதை மகளுக்குச் சொல்லவில்லை.

கழகத்தை நடத்துகிற ஆர்னே முதல் நாளே இரண்டு துவக்குகளை மேசையில் வைத்தார். இரண்டும் கைத்துப்பாக்கிச் சன்னம் போடுகிற நீட்டுத் துவக்குகள். ஒன்று மரப்பிடி. கீழே இருக்கிற வளையத்தை இழுத்து இழுத்துச் சுட வேண்டும். பாரம். தடித்த சன்னம். தோளைப் பிடித்துத் தள்ளும். மற்றது கறுப்பு, மெல்லிசு. ஒன்பது மில்லிமீட்டர்ச் சின்னச் சன்னம். சுட்டதே தோளுக்குத் தெரியாது. நூறு மீட்டருக்கு மேலே இரண்டாலும் பிரயோசனம் இல்லை, இருபத்தைந்து மீட்டருக்கு இரண்டும் திறம், அவரவர் தோளுக்குப் பிடித்ததை எடுக்கலாம் என்றார் ஆர்னே.

அருட்பிரகாசத்தார் மரப்பிடியை எடுத்தார். பிலேந்திரன் கறுப்பை எடுத்தான். அன்றைக்கே வழக்குத் தொடங்கியது. நேரே அல்ல. ஆர்னேயை நடுவில் நிறுத்தி, நோர்வேஜிய மொழியில்.

"அந்த மனுசனுக்குச் சொல்லுங்கோ ஆர்னே, அது சின்னப்பிள்ளையளின்ரை விளையாட்டுச் சாமான்."

"அவருக்குச் சொல்லுங்கோ, இதாலை நூறு தரம் சுட்டாலும் நான் தோளுக்கு எண்ணெய் பூசத் தேவையில்லை."

"தோள் நோகுமெண்டு பயந்தவன் ஏன் துவக்கைத் தூக்கினவனாம்?"

ஆர்னே முப்பது வருசம் டிராம் ஓட்டியவர். ஒரு தரிப்பில் ஏற்றியதை அடுத்த தரிப்பில் இறக்குவதுபோல அவர் பேச்சை இந்தப் பக்கம் ஏற்றி அந்தப் பக்கம் இறக்கினார். இரண்டு பேருக்கும் ஒரே பாசைதானே என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தார். இரண்டு பேரும் காதுமூடியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

வருசக் கடைசியில் கழகத்துக்குள்ளே ஒரு சோதனை. பத்தில் குறைந்தது எட்டு கறுப்பு வட்டத்துக்குள் விழ வேண்டும். விழாவிட்டால் வசந்தகாலம் வரை வர முடியாது.

அருட்பிரகாசத்தாருக்குச் சில மாதமாகத் தூரப்பார்வை சரியில்லை. வட்டம் மழையில் நனைந்த மைப்பொட்டு மாதிரித் தெரிந்தது. ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. ஒரு குத்துமதிப்பில் சுட்டார். பக்கத்துத் தடத்தில் பிலேந்திரன் ஆறு சுட்டுவிட்டுத் துவக்கை இறக்கி வைத்துக்கொண்டு நின்றான். களைத்துப் போனான் என்று நினைத்தார். அவர் தன் பத்தையும் முடித்த பிறகுதான் அவன் மிச்சம் நாலையும் சுட்டான்.

ஆர்னே அருட்பிரகாசத்தாரின் கடதாசியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துக் கனநேரம் பார்த்தார். பிலேந்திரனைப் பார்த்தார். பிறகு கடதாசியில் கையெழுத்து வைத்தார். எட்டு உள்ளே, இரண்டு வெளியே. பாஸ்.

அருட்பிரகாசத்தாருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு, ஆர்னே நடுவில் இல்லாமல், நேரே தமிழில் சொன்னார்.

"கடதாசியே தெரியாதவன் பஸ் எப்பிடி ஓட்டினவன்? கண்ணைக் கொண்டுபோய்க் காட்டு."

பிலேந்திரன் துவக்கைத் துடைத்து மேசையில் வைத்தான்.

"ஓம் அண்ணை. கண் கொஞ்சம் பிழைதான்."

தொப்பியைப் போட்டுக்கொண்டு படியேறிப் போனான்.

அடுத்த நாள் காலை அருட்பிரகாசத்தார் தன்னுடைய கடதாசியைக் குடித்து முடித்த தேத்தண்ணிக் கோப்பையின் மேல் விரித்து வைத்து அழகு பார்த்தார். அடுத்த செவ்வாய் தன்னுடைய மரப்பிடியைப் பற்றி ஆர்னேயிடம் என்ன சொல்லலாம் என்று யோசித்தார். பிலேந்திரன் வராத இடத்தில் யாருக்குக் கேட்கச் சொல்வது என்ற யோசனையும் கூடவே வந்தது.

கைதவறிப் பிரஷருக்குப் போடுகிற குளிசை கடதாசியில் விழுந்து, ஒரு ஓட்டைக்குள்ளால் நழுவிக் கோப்பைக்குள் போனது. அவருக்குச் சிரிப்பு வந்தது. பேசுவதற்கு ஆளில்லாத வீட்டில் அதுவும் ஒரு விளையாட்டு. குளிசையை எடுத்து அடுத்த ஓட்டையில் போட்டார். போனது. ஓரத்து இரண்டிலும் போனது. ஆறு ஓட்டையிலும் போனது.

ஏழாவதில் இறுகி நின்றது.

எட்டாவதிலும் போகவில்லை. ஒன்பதிலும், பத்திலும் போகவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். அந்த நாலு ஓட்டையும் நட்டநடுவில், ஒரு பெருவிரலால் மூடிவிடலாம் போல நெருங்கி இருந்தன.

அவருடைய மரப்பிடித் துவக்கு அவ்வளவு சின்ன ஓட்டை போடாது.