கூடுதலாக ஒரு விளக்கு

"ஒரு விளக்கு கூடியிருக்கான்னு பாத்துச் சொல்லும், அண்ணாச்சி" என்றான் பூதலிங்கம்.

படகுக்காரர் குற்றாலலிங்கம் எதிர்க்கரையை உற்றுப் பார்த்தார். "தெருவே செகஜோதியா இருக்கு. இதுல ஒண்ணு கூடுனதை எங்கனலே கண்டுபிடிக்க?"

தாமிரபரணியில் நான்கு நாளாக வெள்ளம். படகு கட்டிக் கிடந்தது. பூதலிங்கத்தின் மனைவி சண்முகசுந்தரி பிரசவத்துக்கு அக்கரையில், தாய்வீட்டில் இருந்தாள். முன்னால் பிறந்த இரண்டும் பிறந்த அன்றே போய்விட்டன. இந்தத் தடவை தாயே பிழைப்பது கஷ்டம் என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள்.

வெள்ளம் வருமுன் சண்முகசுந்தரி சொல்லி அனுப்பியிருந்தாள். தினமும் அந்தியில் மச்சில் ஒரு விளக்கு இருக்கும். பிள்ளை பிறந்து இருவரும் நலமென்றால் இரண்டு.

மூன்று அந்தியும் ஒற்றை விளக்கு பளிச்சென்று தெரிந்தது. இன்று திருக்கார்த்திகை. தெரு முழுக்க அகல் வரிசை.

"நேத்து ஒண்ணு ரெண்டாகியிருந்தா குருடனுக்கும் தெரிஞ்சிருக்கும், அண்ணாச்சி. இன்னைக்கு நூறோட ஒண்ணு சேந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். கூடினாற்போல் இருந்தது. மறுகணம் பழையபடியே இருந்தது.

திடீரென்று தெருக்கோடியில் ஒரு வரிசை இருண்டது. பக்கத்து வரிசையும் இருண்டது. அவள் வீட்டை நோக்கி இருட்டு நகர்ந்து வந்தது.

நல்ல நாளில் ஒரு தெருவே விளக்கை அணைக்கிறதென்றால் எதற்கு? பூதலிங்கம் முகத்தைப் பொத்திக்கொண்டான். பிறகு வெறி பிடித்தவன்போல் ஆற்றுக்குள் இறங்கினான்.

"லே, உனக்குக் கிறுக்கா?" குற்றாலலிங்கம் பாய்ந்து பிடித்து, கரையேற்றி, குடிசைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். அவன் அழுது ஓயும்வரை, உள்ளே கதவில் சாய்ந்தபடி, அவர் நகரவில்லை.

விடியற்காலை வெள்ளம் வடிந்து படகு போயிற்று. அக்கரைப் படித்துறையில் மருத்துவச்சி ஆசியா உம்மாள் கைகால் கழுவிக்கொண்டிருந்தாள். பூதலிங்கம் படகிலிருந்து குதித்து அவள் முன்னால் போய் நின்றான்.

"ஏன் தம்பி மொகம் இப்படிக் கெடக்கு? பொம்பளப்புள்ள, நல்லா இருக்கு. தாயும் சொகம்" என்றாள் அவள். "இத்தனை வெளிச்சத்துல ஒண்ணு கூடுனா அவுகளுக்குத் தெரியாதுன்னு ஒன் பொஞ்சாதி ஒரே புலம்பல். அதான் தெருக்காரங்க எல்லா அகலையும் கூடை போட்டு மூடிட்டு, மச்சுல அந்த ரெண்டை மட்டும் ஒரு நாழிகை எரியவிட்டாங்க. நீ பாக்கலையா?"