கவிழ்க்காத டப்பா

ஆட்டோவிலிருந்து இறங்கியவள் வீட்டுப் படியேறவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து, கட்டடத்துக்குப் பின்னால் இருந்த கத்தரிப் பாத்திக்கு நடந்தாள்.

அவள் புருஷன் மூட்டைக்காரர் மருந்துப் பையோடு பின்னால் போனார். முப்பது வருஷம் லாரியில் மூட்டை ஏற்றிய தோள். இன்றைக்கு அந்தச் சின்னப் பை கனத்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மனைவி அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தான் திரும்பி வரும்போது செடி உயிரோடு இருக்க வேண்டும்.

பதினெட்டு நாளும் அவர் தவறவில்லை. வேலை முடிந்து வந்து, கைகால்கூடக் கழுவாமல், தினம் ஒரு வாளி ஊற்றினார்.

ஆனால் செடி செத்திருந்தது. இலை மஞ்சளித்து, தண்டு அடியில் கறுத்து அழுகியிருந்தது.

குறைந்த வாடகைக் குடியிருப்பு அது. கட்டியவர்கள் பின்பக்கம் வண்டி நிறுத்தச் சிமெண்டுத் தரை போட்டுக் கொடுத்தார்கள். வண்டி வாங்கத்தான் அங்கே ஆளில்லை. குடியிருந்தவர்கள் அந்தத் தரைமேல் செங்கல் அடுக்கி, மண் கொட்டி, வீட்டுக்கொரு பாத்தி வைத்துக்கொண்டார்கள்.

அடியில் சிமெண்டு. தண்ணீர் இறங்க வழியில்லை. அதனால் ஒரு பாத்திக்கு யார் வேண்டுமானாலும் ஊற்றலாம், ஆனால் ஒரு நாளைக்கு ஒரே தரம்தான். ஊற்றியவர், பாத்தியின் மூலைச் செங்கலில் இருக்கும் காலி டப்பாவைக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். கவிழ்ந்த டப்பா இருந்தால் வேறு யாரும் கை வைக்கக் கூடாது. விடிந்ததும் வாட்ச்மேன் எல்லாவற்றையும் நிமிர்த்தி வைப்பார்.

மூட்டைக்காரர் போகும்போதெல்லாம் டப்பா நிமிர்ந்தேதான் இருந்தது. இத்தனை வீட்டில் ஒருத்தருக்கும் ஈரம் இல்லையே என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே ஊற்றிவிட்டு, அதைக் கவிழ்த்தார். செடி தலை தொங்கியபோது, தாகம் என்று நினைத்து இன்னொரு வாளியும் ஊற்றினார்.

கீழ்வீட்டுத் தையல்காரி மெல்லக் கிட்டே வந்தாள்.

"அண்ணே, நானும் தினம் மத்தியானம் ஒரு குடம் ஊத்தினேன். டப்பாவைத்தான் கவுக்கல. அக்கா ரோஷக்காரி. நான் செஞ்சது தெரிஞ்சா சங்கடப்படுவாங்கன்னு..."

பின்னாலிருந்து மேல்வீட்டு வேன் டிரைவர் தொண்டையைச் செருமினார். அவர் வேலைக்குப் போகுமுன் ஊற்றியிருக்கிறார். வாட்ச்மேன் தரையைப் பார்த்தார். விடியலில் டப்பாவை நிமிர்த்தும் கையோடு அவரும் ஊற்றியிருக்கிறார்.

யாரைக் கோபிப்பது?

மனைவி செங்கல்மேல் உட்கார்ந்தாள். மண்ணில் விரலை அழுத்தினாள். குழி விழுந்தது. குழியில் தண்ணீர் ஊறி நின்றது.

பிறகு, என்ன நினைத்தாளோ, வீங்கிய தன் காலில் அதே விரலை அழுத்தினாள். அங்கேயும் குழி விழுந்தது. அது மேலே எழவே இல்லை.

"குழாயடியில ஒரு குடத்துக்கு எங்கூட மல்லுக்கு நின்னவங்கதானே நீங்க எல்லாம்" என்று சிரித்தாள். சிரித்ததில் உதடு வெடித்தது. நாக்கால் தடவிக்கொண்டாள். நாக்கும் காய்ந்திருந்தது.

"யாராவது ஒரு வாய் தண்ணி குடுங்களேன்."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஓடினார்கள்.

மூட்டைக்காரர் குறுக்கே கை நீட்டி மறித்தார். அவர் சட்டைப் பையில் டாக்டர் கொடுத்த சீட்டு இருந்தது. எழுத்துக் கூட்டிக் கூட்டி, ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து நாலு தரம் படித்த சீட்டு. ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர். அதற்கு மேல் ஒரு வாய்கூட ஆகாது. கிட்னி நின்றுவிட்டது; உள்ளே போன தண்ணீர் வெளியேற இனி வழியில்லை.

இன்றைய அரை லிட்டர் மத்தியானமே தீர்ந்துவிட்டது.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் குனிந்து, மூலைச் செங்கலில் இருந்த டப்பாவைக் கவிழ்த்து வைத்தார்.