பிளாஸ்டிக் புல்லுக்குத் தண்ணீர்

பெரியசாமி பிளாஸ்டிக் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

கண்ணையன் முதலில் கண்ணைக் கசக்கிக்கொண்டார். பிறகு தன் டைல்ஸ் கடை வாசலுக்கே வந்து நின்று பார்த்தார். சந்தேகமே இல்லை. பக்கத்து மோட்டார் பம்ப் கடை முதலாளி கையில் ஓஸ் பைப்போடு நின்று, வாடவே தெரியாத புல்லை நனைத்துக்கொண்டிருந்தார்.

இப்படி ஒரு காட்சியைப் பார்த்த பிறகும் சும்மா இருந்தால் அவர் கண்ணையனே இல்லை.

“என்னாப்பா பெரியசாமி, இன்னும் எத்தினி நாளு தண்ணி வுட்டா பூ வெக்கும்?”

“வெச்சா மொதல்ல உங்கிட்டதான் சொல்வேன்” என்றார் பெரியசாமி, திரும்பாமலே.

“யூரியா போட்டியா? வேணும்னா சொல்லு, ஒரு மூட்டை வாங்கியாந்து போடறேன்.”

கடைக்குள் டைல்ஸ் பார்த்துக்கொண்டிருந்த சுப்பராயலு வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார். ஒலக்கூர் பக்கம் புதுவீடு கட்டுகிறவர். வீட்டுத் தரை முழுவதையும் இங்கேதான் வாங்குவதாக இருந்தார். வாடிக்கையாளர் சிரித்ததும் கண்ணையனுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

“இந்தக் கூத்து ஒரு வாரமா நடக்குதுங்க. இவரு கடை வாசல் சுத்தக் களிமண்ணு. மழை பேஞ்சா காலைப் புடிச்சி இழுக்கும், வெயில் அடிச்சா பாளம் பாளமா வெடிக்கும். பக்கத்துலயே நான் இருக்கேன், பேவர் பிளாக் வாங்கிப் போடுப்பான்னேன். கேட்டாத்தானே? கோட்டக்குப்பத்துலேர்ந்து ஒரு பாயைக் கூட்டியாந்துட்டாரு. துபாய்ல புல்லு போட்டவராம். துபாய்ல புல்லு மொளைக்காது, சரி. திண்டிவனத்துக்கு என்னாங்க கேடு?”

அந்தப் பாய், முகம்மது ஆசிப், போன வாரம் முழங்கால் ஆழத்துக்குக் களிமண்ணைத் தோண்டி டிராக்டரில் ஏற்றி அனுப்பினார். பள்ளத்தில் கெட்டித் துணி விரித்தார். அதன்மேல் ஜல்லி, அதன்மேல் கல்தூள், அதன்மேல் ரோலர். கண்ணையன் அன்றைக்கும் விடவில்லை.

“பாய் விரிக்கறதுக்கு எதுக்கு பாய் இம்மாம் பள்ளம்?”

ஆசிப் சிரித்துக்கொண்டே சொன்னார். “களிமண்ணு தண்ணி குடிச்சா உப்பிக்கும், காஞ்சா சுருங்கிக்கும்ண்ணே. அப்படியே மேல விரிச்சா ஒரே மழையில மேடும் பள்ளமுமா ஆயிடும். எங்கயும் தடுக்கக் கூடாதுன்னு பெரியசாமி அண்ணன் கண்டிசனா சொல்லிட்டாரு.”

“அவுரு என்னா, அதுல கிரிக்கெட்டா ஆடப்போறாரு?”

இப்போது பெரியசாமி ஓஸ் பைப்பைக் கீழே போட்டுவிட்டுக் குந்தி உட்கார்ந்தார். உள்ளங்கையைப் புல்மேல் வைத்துப் பார்த்தார். கொஞ்சம் தள்ளிப் போய் அங்கேயும் வைத்துப் பார்த்தார்.

“இன்னாப்பா, காய்ச்சலா? டாக்டரைக் கூட்டியாரட்டுமா?”

“வெயில்ல ரொம்ப சூடாவுதுப்பா. தண்ணி தெளிச்சா கொஞ்ச நேரம் தாங்கும்னு பாய் சொன்னாரு.”

“சூடான்னா என்னா? வர்றவன் செருப்பு போட்டுக்கினுதானே வர்றான்?”

பெரியசாமி எழுந்து நின்றார். ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணையன் சுப்பராயலுவிடம் திரும்பினார். “காசு சேந்துட்டா இப்படித்தாங்க, மனுஷன் கண்ணுக்குத் தெரிய மாட்டான். பிளாஸ்டிக்குதான் தெரியும். நமக்கு அப்படி இல்லீங்க. மொதல்ல மனுஷன், அப்புறந்தான் யாவாரம்.”

“கரெக்ட்டா சொன்னீங்க” என்று தலையாட்டினார் சுப்பராயலு.

ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. பின் சீட்டிலிருந்து ஒரு பெண் கைகளை ஊன்றி மெல்லக் கீழே இறங்கினாள். இடுப்புக்குக் கீழே கால்கள் சூம்பி மடிந்திருந்தன. முதுகில் ஒரு பை. செருப்பைக் காலில் அல்ல, இரண்டு கைகளிலும் மாட்டியிருந்தாள்.

கைகளை ஊன்றி ஊன்றி, உடம்பை நகர்த்திப் புல்லின் ஓரம்வரை வந்தாள். அங்கே உட்கார்ந்து செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். வெறும் உள்ளங்கையை ஈரப் புல்லில் பதித்துப் பார்த்தாள்.

“சுடவே இல்ல சார்!”

“தடுக்குதாம்மா?”

“இல்ல சார், நல்லா இருக்குது.”

“அப்ப உள்ள வா சங்கவி. மொத நாளே லேட்டு பண்ணாத. கம்ப்யூட்டரு, பில் மிஷினு எல்லாம் தாழ மேசையில வெச்சிருக்கேன்.”

டைல்ஸ் கடை வாசலில் யாரும் சிரிக்கவில்லை.

“பெரிய மனசுங்க அவருக்கு” என்றார் சுப்பராயலு மெதுவாக. “நாமதான் தெரியாம கிண்டல் பண்ணிட்டோம்.”

“ஆ... ஆமாங்க. நான் சும்மா வெளையாட்டுக்கு... நீங்க உள்ள வாங்க, புது டிசைன் வந்திருக்குது, காட்டறேன்.” கண்ணையனுக்கு ஏனோ திடீரென்று அவசரம் வந்துவிட்டது.

ஆனால் அந்தப் பெண் பார்த்துவிட்டாள்.

“சார், வணக்கம் சார்! என்னைத் தெரியுதா?”

கண்ணையன் வாசலில் சாய்த்து வைத்திருந்த ஒரு டைல்ஸை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் முதுகில் அப்படி என்ன எழுதியிருந்ததோ தெரியவில்லை.

“யாருங்க இந்தப் பொண்ணு? உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?” என்றார் சுப்பராயலு.

“தெ... தெரியலீங்களே.”

“மறந்துட்டீங்களா சார்?” சங்கவியின் முகத்தில் கோபம் துளியும் இல்லை. பழகியவரைப் பார்த்த சந்தோஷம்தான் இருந்தது. “போன வருஷம் வேலை கேட்டு மொதல்ல உங்க கடைக்குத்தான் வந்தேன். நீங்ககூட, ‘உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன், எங்க கடையில இருக்கற எந்தத் தரையும் உனக்கு ஒத்து வராது’ன்னு சொல்லி அனுப்புனீங்களே சார்!”