நேரில் பார்த்த சாட்சி

வெளிநாட்டுச் சுடுகாடு ஒன்றில் பிணம் எரிக்கும் வேலைக்கு வெட்டியான் எத்திராசு எழுதிப்போட்டிருந்தார். அவர் எரித்ததை நேரில் பார்த்த ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் இருபது வருட அனுபவமும் செல்லும் என்றார்கள். போன மாதம் தன் அப்பாவுக்குக் கொள்ளி வைத்த பேங்க்காரர் வீட்டுக்குப் படிவத்தோடு போனார்.

"கொள்ளி வச்சதும் வந்துட்டேன். நீ எரிச்சத நான் எங்கேப்பா பாத்தேன்?" என்றார் பேங்க்காரர்.

பொய்யில்லை. கொள்ளி வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் வாசலைக் காட்டி, "திரும்பிப் பாக்காம போ சாமி" என்று அனுப்பிவைத்தது எத்திராசுதான். ஒருத்தர்கூட அந்தப் பேச்சைத் தட்டியதில்லை.

படிவத்தை மடித்துக்கொண்டு படியிறங்கினார். தெருமுனையில் திரும்பிப் பார்த்தார். எத்திராசு நின்றிருந்த இடத்தைப் பேங்க்காரர் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்.