பெரிலின் வெள்ளை ஓரம்

"வெட்டு," என்றார் டெஸ்மண்ட். சீட்டுக்கட்டை மேசைமேல் வைத்து, அதன்மேல் ஒரு கத்தரிக்கோலையும் வைத்தார்.

ஹேசல் கத்தரிக்கோலைத் தொடவில்லை. சிநேகிதி பெரிலை அடக்கம் செய்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் அவள் புருஷன் மழையில் நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் ஹேசலின் சமையலறையில் வந்து நிற்கிறார், பெரில் உயிராக வைத்திருந்த, குறி பார்க்கிற டாரட் சீட்டுக்கட்டோடு.

"என்ன டெஸ்மண்ட் இது? முதல்ல உட்காருங்க. டீ போடறேன்."

"டீ குடிக்க வரல. 'இது ஹேசலுக்குத்தான்'னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டுப் போயிருக்கா. கொண்டாந்துட்டேன். வெட்டு."

விட்பி ஊரில் டாரட் சீட்டு சேர்ப்பவர்கள் மாதம் ஒரு தடவை டீக்கடை மாடியில் கூடுவார்கள். கூடினால் குறி பார்க்கிறார்களோ இல்லையோ, ஓரத்துக்காக அடித்துக்கொள்வார்கள். படத்தைச் சுற்றி வெள்ளை ஓரம் இருந்தால்தான் சீட்டு என்று ஒரு கட்சி. அது படத்தின் கழுத்தை நெரிக்கிறது, நறுக்கி எறி என்று இன்னொரு கட்சி.

முதல் கட்சிக்குப் பெரில் தலைவி, இரண்டாவதுக்கு ஹேசல். புதுக் கட்டு வாங்கினால், அன்றைக்கே ஓரத்தை நறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் ஹேசல் சாப்பிடவே உட்காருவாள்.

"வேலி இல்லாத தோட்டமும் ஒரு தோட்டமாடி?" என்பாள் பெரில்.

"உன் வேலி பூரா ஆரஞ்சு ஜாம்! கையைக் கழுவிட்டுத்தான் சீட்டைத் தொடேன்," என்பாள் ஹேசல். பெரில் ஜாம் காய்ச்சி விற்பவள். விரலில் எந்நேரமும் பிசுக்கு இருக்கும். மாடியே சிரிக்கும், பெரிலும் சேர்ந்து சிரிப்பாள்.

போன மாதக் கூட்டத்தில்தான் ஹேசலின் நாக்கில் சனி உட்கார்ந்தது. "நீ கண்ணை மூடு, மறுநாளே கத்தரிக்கோலோட வந்து நிக்கறேன் பாரு!" என்றாள்.

பெரில் வயிறு குலுங்கச் சிரித்தாள். பக்கத்தில் இருந்த டெஸ்மண்ட் சிரிக்கவில்லை. பெரிலின் இதயம் நாள் எண்ணிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியும், ஹேசலுக்குத் தெரியாது. பாவி, தெரிந்திருந்தால் அப்படி வாயை விட்டிருப்பாளா?

அந்தப் பேச்சுக்குத்தான் இப்போது வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுக்கிறார் என்று ஹேசல் நினைத்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"விளையாட்டுக்குச் சொன்னேன் டெஸ்மண்ட். சத்தியமா! இதை நான் வெட்ட மாட்டேன். அவ மனசு என்ன பாடுபடும்?"

"யாரு, நீயா வெட்டாம இருக்கப்போறே? இன்னிக்கு இல்லேன்னா அடுத்த மாசம் வெட்டுவே. உன்னை எனக்குத் தெரியாதா? அதை என் கண்ணு முன்னாடியே பண்ணிடு."

ஹேசல் மேல்சீட்டை எடுத்தாள். நிலா படம். வெள்ளை ஓரத்தின் கீழ்ப்பக்கம் பழுப்பாக ஒரு கறை. பெரில் எப்போதும் பிடிக்கிற இடம். எந்தச் சீட்டைப் புரட்டினாலும் அதே இடத்தில் அதே கறை.

"ஓரம் அப்படியே இருக்கட்டும்," என்று கெஞ்சினாள். "இந்தக் கறையை மட்டும் ரப்பர் வச்சு எடுத்துடறேன். அவ இருந்தா சந்தோஷப்படற மாதிரி, புதுசாட்டம் வச்சிருக்கேன்." ரப்பரைச் சீட்டின்மேல் வைத்தாள்.

"தேய்க்காதே!"

அவர் போட்ட சத்தத்தில் அடுப்படிப் பூனை எழுந்து ஓடியது. அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். "வெட்டுன்னா வெட்டு. வேற ஒண்ணும் செய்யாதே."

"என்னை மன்னிக்கவே மாட்டீங்களா?"

டெஸ்மண்ட் அவள் கையை விட்டார். கத்தரிக்கோலை அவள் பக்கம் நகர்த்தினார்.

ஹேசல் வெட்டினாள். கண்ணீர் மறைக்க மறைக்கத் துடைத்துக்கொண்டு வெட்டினாள். பித்தன், மகாராணி, தூக்கில் தொங்குகிறவன் என்று ஒவ்வொரு சீட்டும் ஓரம் இழந்தது. இத்தனை வருஷம் ஆசைப்பட்ட கட்டு. ஓரம் போனதும் படங்கள் அவள் சொன்னபடியே இன்னும் அழகாகத்தான் தெரிந்தன. அது அவளுக்கு இன்னும் வலித்தது.

டெஸ்மண்ட் ஒரு படத்தைக்கூடப் பார்க்கவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து கத்தரிக்கோலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிச் சீட்டும் முடிந்தது. ஹேசல் சீட்டுகளை அடுக்கி இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள்.

"உங்க ஆத்திரம் தீர்ந்துச்சா? இதை நீங்களே எடுத்துட்டுப் போங்க. வச்சுக்கற யோக்கியதை எனக்கு இல்ல."

அவர் வாங்கவில்லை. ஹேசல் மூக்கை உறிஞ்சிக்கொண்டே குப்பைக்கூடையை இழுத்து, மேசையில் குவிந்திருந்த வெள்ளைத் துண்டுகளை அதில் தள்ளப் போனாள்.

டெஸ்மண்ட் பதறிப்போய்த் துண்டுகளின் மேல் கவிழ்ந்துகொண்டார். கோட்டுப் பையிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கி அதில் போட்டார். ஒரு துண்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, அதிலிருந்த பழுப்புக் கறைமேல் தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். உதடு கோணியது.

"படமெல்லாம் நீ வச்சுக்கம்மா. அவ கைரேகை எனக்குப் போதும்."