உச்சி முகர்தல்

ஜவஹர் வாசற்படியில் நின்று தலையைக் குனிந்தான்.

ரத்னா முகரவில்லை.

மகன் குடிக்கத் தொடங்கிய நாளிலிருந்து, பேசி வைத்துக்கொள்ளாமலே இருவருக்கும் நடுவில் வந்துவிட்ட வழக்கம் அது. வேலை முடிந்து வருவான். அவள் உயரத்துக்குக் குனிவான். அவள் இரண்டு கையாலும் அவன் தலையைப் பிடித்து உச்சியில் முகம் பதிப்பாள்.

சைதாப்பேட்டைச் சந்தில் பார்க்கிறவர்களுக்கு அது தாயின் முத்தம்.

மெக்கானிக் கடை கிரீஸ், பெட்ரோல், வியர்வை எல்லாவற்றுக்கும் அடியில் பிராந்தி வாடை இருக்கிறதா என்று அவள் தேடுவது அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். பிராந்திகூட வேண்டாம், ஏலக்காய் மணத்தாலே போதும். மறைக்க ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்குச் சோறு போடும்போது கரண்டி தட்டில் இடிக்கும். அவனும் தலை நிமிராமல் தின்றுவிட்டுப் படுப்பான்.

அடையாறில் சனிக்கிழமைதோறும் குடிப்பவர்களின் வீட்டார் கூடிப் பேசுகிற கூட்டத்துக்கு அவள் மழைக்காலத்தில் போகத் தொடங்கினாள். வெகுநாள் வாயைத் திறக்கவில்லை. போன வாரம்தான் இந்த முகர்கிற கதையைச் சொன்னாள். முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

கணவனுக்காக மயிலாப்பூரிலிருந்து வரும் நஸ்ருன்னிசா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மோப்ப நாய் வேலைய விட்டுடு ரத்னா. போலீஸ்ல அதுக்காவது தெனம் கறிச்சோறு போடுறாங்க. ஒனக்கு இன்னா கெடைச்சுது?"

எல்லோரும் சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே ரத்னாவும் சிரித்தாள். குடிப்பதும் விடுவதும் அவன் கையில். வேவு பார்ப்பது உன்னைத்தான் அரிக்கிறது என்று அவர்கள் சொன்னது அவளுக்குச் சரியாகத்தான் பட்டது. அதை மகனிடம் எப்படிச் சொல்வது என்று பஸ்ஸிலும், அடுப்படியிலும், குழாயடியிலும் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

இன்றைக்கு அவன் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வந்திருந்தான்.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே திரும்பினாள். குனிந்த தலை அப்படியே இருந்தது.

"இன்னாம்மா, மோந்து பாக்கலியா?"

"இனிமே பாக்க மாட்டேன் நைனா. நீயாச்சு, ஒன் ஒடம்பாச்சு."

அன்பாகச் சொல்லத்தான் அத்தனை ஒத்திகையும். வாயை விட்டு வரும்போது அது கைகழுவுகிற மாதிரி விழுந்தது. திருத்திச் சொல்லலாமா, சொன்னால் குழப்பமாகிவிடுமா என்று யோசித்தபடி குழம்பைச் சூடு பண்ணினாள்.

ஜவஹர் மெல்ல நிமிர்ந்தான். பிறகு சட்டையைக் கழற்றிக் கதவாணியில் மாட்டினான். கொடியில் கிடந்த பனியனை எடுத்துப் போட்டுக்கொண்டு, வண்டிச் சாவியோடு வெளியே போனான்.

எங்கே போகிறாய் என்று அவள் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கவும் அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தில்தான் கற்றிருந்தாள்.

ஊறவைக்கலாம் என்று சட்டையை எடுத்தாள். கை பழக்கத்தில் அதை மூக்கருகே கொண்டுபோனது.

கிரீஸ். பெட்ரோல். வியர்வை.

காலரில் இன்னொரு முறை பார்த்தாள். பிறகு பையில்.

ஏலக்காய்கூட இல்லை.

சந்து முனையில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.