இடப்பக்கச் சதுரம்

சுவரில் இரண்டு சதுரங்கள் ஈரமாக மின்னுகின்றன. இரண்டுமே இளம்பழுப்பு; ஒன்று ஓட்ஸ் கஞ்சி என்றால் மற்றொன்று அதே கஞ்சி ஆறிப்போனது. ஒஹாயோவின் காலை வெயில் அந்த வித்தியாசத்தையும் அழித்துவிடுகிறது. பூசிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நேற்று வாங்கிய மாதிரி பெயின்ட் டப்பாக்கள் செய்தித்தாள் மேல் திறந்து கிடக்க, லோர்னா பிரஷ்ஷோடு தள்ளி நின்று பார்க்கிறாள். அவள் கணவன் ட்வைட் காப்பியோடு வருகிறான். எந்த நிறத்தைக் காட்டினாலும் “எல்லாம் ஒண்ணுதானே, செல்லம்” என்று இருபத்திரண்டு வருடமாக நகர்ந்துவிடுகிறவன், இன்று நிற்கிறான். “இடது பக்கம் வேணாம்,” என்கிறான். “பகல்ல நல்லாத்தான் இருக்கும். ராத்திரி விளக்கு போட்டா ரோஸாத் தெரியும்.” “அப்படியா?” “ஆமா, ரொம்பவே.” சொன்ன பிறகு கோப்பைக்குள் எதையோ தேடுவது போலக் குனிந்துகொள்கிறான். பிரஷ்ஷிலிருந்து ஒரு சொட்டு அவள் செருப்பில் விழுகிறது. அவள் துடைக்கவில்லை. ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு, மூலையில் நிற்கும் விளக்கைப் போடுகிறாள். வலப்பக்கம் அப்படியே இருக்கிறது. இடப்பக்கம் மட்டும், கூச்சப்பட்ட கன்னம் மாதிரி, மெல்லச் சிவக்கிறது. “கரெக்டாத்தான் சொல்ற,” என்கிறாள் லோர்னா, சுவரைப் பார்த்தபடியே. “யாரு வீட்டுல பாத்த?”